வருஷத்துல நாலு நாள்தான் தண்ணி வருதுன்னு சொன்ன எங்க ஊருணிக் கமிட்டிக்கு

கமிட்டிப் பெரியவங்க, அண்ணமாருங்க, ஆச்சிமாருங்க, சென்னையில இருந்தும் சிங்கப்பூர்ல இருந்தும் வீடியோ கால்ல வந்தவங்க எல்லாருக்கும் வணக்கம். நான் யாருன்னு உங்களுக்குத் தெரியும். பூட்டிக் கெடக்கற 11 வீட்டுக்குச் சாவி வச்சிருக்கறவன், மோட்டார் ஓடலைன்னா, ஓடு ஒழுகுச்சுன்னா நீங்க கூப்புடற ஆளு.

போன கூட்டத்துல நான் பேச ஆரம்பிச்சு ரெண்டு நிமிஷத்துல எல்லாரும் சிரிச்சுட்டீங்க. நான் கோவிச்சுக்கிட்டு எந்திரிச்சுப் போனதா யாரோ சொன்னாங்களாம், அது இல்ல, ஒரு வீட்டுல மோட்டாரைப் போட்டுட்டு வந்திருந்தேன், தொட்டி நெறைஞ்சு வழியுமேன்னுதான் ஓடுனேன். ஆனா சொல்ல வந்தது பாதியில நின்னு போச்சு, அதான் எழுதறேன். குரூப்புல போட்டா குட்மார்னிங் படத்துக்கு நடுவுல காணாமப் போயிரும்ங்கறதால பொதுவுல போடறேன். ஊர் பேரு போடல, யாரு பேரும் போடல, நம்மளுக்குத் தெரிஞ்சா போதும்.

வெளியாளுங்களுக்காக வெவரம்: ஊருணின்னா ஊர்ப் பொதுக்குளம், அதுக்கு வடமேக்க இருந்து மழைத்தண்ணியைக் கொண்டு வர்ற வாய்க்கால் ஒண்ணு இருக்கு, வரத்துக்கால்னு சொல்வோம். அதை மூடிப்புட்டு, சுத்தி பேவர் பிளாக் போட்டு, டூரிஸ்டு கார் நிக்க எடம் பண்ணி, ஊருணிக்குள்ள போர் தண்ணியை விட்டு நெரப்பி வச்சுக்கலாம்னு பிளான். ஏன் மூடணும்னு கேட்டேன். "வருஷத்துல நாலு நாள்தான் அதுல தண்ணி வருது, மத்த நாளெல்லாம் குப்பையும் கருவேல முள்ளுந்தானேப்பா"ன்னு பதில். "அண்ணே, இனிமே அந்த நாலு நாள்தாண்ணே முக்கியம், வடதுருவத்துல ஐஸ் உருகறது வரைக்கும் இதுல சேந்து கெடக்கு"ன்னு நான் சொன்னதுதான் தாமதம், "அப்ப பனிக்கரடிக்கு வேட்டி கட்டி ஊருணியில எறக்கிருவோமா"ன்னு ஒரு குரல், ஸ்பீக்கர்ல சிங்கப்பூர்ச் சிரிப்பு வேற. ஜோக்கு நல்லாத்தான் இருந்துச்சு, நானே வீட்டுல போய்ச் சொன்னேன்.

ஆனா ஒண்ணுங்க. எங்கயோ நடக்கறது நம்மளை என்னடா செய்யும்னு வேற எந்த ஊர்க்காரன் வேணாலும் கேக்கலாம், செட்டிநாட்டுல உக்காந்துக்கிட்டு கேக்கக் கூடாது. வளவுல நிக்கற தூணு எந்தக் காட்டு மரம்? பர்மாத் தேக்கு. முகப்புக் கண்ணாடி பெல்ஜியம், சலவைக்கல்லு இத்தாலி. 1930 வாக்குல ஒலகம் பூரா வெலை சரிஞ்சப்ப கீழ்பர்மாவுல நெல்லு வெலையும் படுத்துச்சு, நம்ம செட்டியாருங்ககிட்ட கடன் வாங்குன குடியானவன் பணம் கட்ட முடியாம நெலத்தை எழுதிக் குடுத்தான், ஏழெட்டு வருஷத்துல அங்க உள்ள முக்கியமான நெல் வயல்ல ஏறக்குறைய கால்வாசி செட்டியாருங்க கையில, அதாவது ரொக்கமா சுத்த வேண்டிய பணம் பூரா மண்ணா ஒறைஞ்சு போச்சு. 1941 டிசம்பர்ல ரங்கூன்ல ஜப்பான்காரன் குண்டு போட்டான். எங்க தாத்தா அங்க மொகல் ஸ்ட்ரீட்ல செட்டியாருங்க தங்கி லேவாதேவி பண்ணுன கிட்டங்கியில சமையல் வேலையில இருந்தவரு, 1942ல நடந்தே வந்து சேந்தாரு, கால்ல ரெண்டு வெரல் இல்லாம. அங்க நெல்லு வெலை எறங்குனா இங்க கொத்தனாருக்குக் கூலி நின்னு போகும், அப்படி வாழ்ந்த ஊரு இது. அந்த ஊர்ல உக்காந்து தூரத்தைக் காட்டிச் சிரிச்சீங்க பாருங்க, அதுதான் எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு.

சரி, ஐஸுக்கு வர்றேன். அன்னிக்கு ஒரு ஆச்சி "ஐஸு உருகிக் கடல் ஏறி தொண்டி முங்கிரும்ங்கறியா"ன்னு கேட்டாங்க. நல்ல கேள்வி, ஆனா நான் சொன்ன ஐஸ் வேற. நன்னாரி சர்பத்துல மெதக்கற ஐஸ்கட்டி கரைஞ்சா கிளாஸ் வழியாது இல்லீங்களா, அதே மாதிரி வடதுருவத்துல கடல்தண்ணியே ஒறைஞ்சு மேல மெதக்கற ஐஸ் உருகுனா கடல் மட்டம் ஏறாதுன்னே சொல்லிரலாம். கடலை ஏத்தறது நெலத்து மேல கெடக்கற ஐஸு, கிரீன்லாந்துல மட்டும் இருக்கறது பூராவும் உருகுனா ஒலகக் கடல் சுமார் 7 மீட்டர் ஏறும். (இதுல ஒரு கூத்து இருக்கு. அம்புட்டுப் பெரிய ஐஸ் மலைக்கு ஈர்ப்பு உண்டு, பக்கத்துக் கடல்தண்ணியைத் தன் பக்கம் இழுத்து வச்சிருக்கும், ஐஸ் கொறைஞ்சா அந்தப் பிடி விட்டுப்போயி அங்க கடல் எறங்கும், தூரத்துல உள்ள நம்மள மாதிரி ஊர்ப் பக்கம் கூடுதலா ஏறும். உருகறது அவன் வீட்டு வாசல்ல, தண்ணி நம்ம கொல்லையில.) அதை இன்னொரு நாள் பேசுவோம், இப்ப மெதக்கற ஐஸ் மட்டும்.

சேட்டிலைட் வச்சு 1979ல இருந்து அளந்துக்கிட்டு வர்றாங்க. வடதுருவக் கடல் ஐஸ் குளிர்காலத்துல விரியும், கோடை முடிஞ்சு செப்டம்பர்ல ரொம்பச் சுருங்கும். 1980கள்ல அந்தச் சுருங்குன நெலமையிலயே சுமார் 70 லட்சம் சதுர கிலோமீட்டர் இருந்துச்சு, 2012 செப்டம்பர்ல 34 லட்சத்துக்குப் போயிருச்சு. நம்ம இந்தியா மொத்தமே 33 லட்சத்துக்குக் கொஞ்சம் கம்மி, அப்ப ஒரு இந்தியாவைவிடப் பெரிய வெள்ளைத் துண்டு காணாமப் போயிருக்கு. அதுக்கப்பறம் கொஞ்சம் ஏறும் எறங்கும், ஆனா பழைய அளவுக்குத் திரும்பவே இல்ல. 2025 மார்ச்சுல குளிர்கால உச்சமே 143 லட்சத்துலதான் நின்னுச்சு, சேட்டிலைட் கணக்குல அதுவரைக்கும் உள்ளதுல அதுதான் கம்மி. தென்துருவம் ரொம்ப நாளா அசையாம இருந்துச்சு, 2023 பிப்ரவரியில அதுவும் 18 லட்சத்துக்கு எறங்கி ரெக்கார்டு வச்சிருச்சு.

வெள்ளைத் துண்டு போனா என்னான்னு புரிய நம்ம மொட்டைமாடியே போதும். நான் பாக்கற வீட்டுல ஒண்ணுல இன்னமும் வருஷா வருஷம் தட்டோட்டு மேல சுண்ணாம்பு அடிக்கறாங்க. பக்கத்து வீட்டுல ஒழுகுதுன்னு போன வருஷம் கறுப்பா தார் ஷீட் ஒட்டுனாங்க (நான் வேணாம்னுதான் சொன்னேன்). சித்திரை வெயில்ல சுண்ணாம்பு மாடியில வெறுங்காலோட நடந்து போயித் தொட்டி மூடியைத் தெறந்து பாத்துட்டு வந்துரலாம், தார் ஷீட்டு மேல மூணு எட்டு வைக்க முடியாது, தவ்வித்தான் போகணும். அங்கயும் அதே கதைதான். மேல பனி படிஞ்ச ஐஸ், விழற வெயில்ல 80, 90 சதவீதம் வரைக்கும் திருப்பி அடிச்சிரும். ஐஸ் இல்லாத கறுத்த கடல்தண்ணி திருப்பறது 6 சதவீதந்தான், மிச்சத்தைப் பூரா உள்ள வாங்கிக்கும். அப்ப ஐஸ் கொறைஞ்சா கடல் சூடாகும், கடல் சூடானா இன்னும் ஐஸ் கொறையும், இது வட்டிக்கு வட்டி, அதை உங்களுக்கு நான் வெளக்கத் தேவையில்ல.

இன்னொண்ணும் இருக்கு, ரெண்டு அரியரோட பாஸ் பண்ணுன பிஎஸ்சி பிசிக்ஸ்ல எனக்கு மறக்காம நின்ன ஒரே கணக்கு. ஒரு கிராம் ஐஸை உருக்கித் தண்ணியாக்க 80 கலோரி சூடு வேணும். அதே 80 கலோரியை உருகி முடிஞ்ச தண்ணிக்குக் குடுத்தா அது பூஜ்யத்துல இருந்து 80 டிகிரிக்குப் போயிரும், கை வைக்க முடியாது. ஐஸ் இருக்கற வரைக்கும் வர்ற வெயிலு அதை உருக்கறதுலயே செலவாயிரும், வெப்பநிலை ஏறாது. ஐஸ் தீந்தப்பறம் அதே வெயில் நேரா தண்ணியைச் சுட வைக்கும். இது ரெண்டும், இன்னும் சில காரணமும் சேந்துதான் 1979ல இருந்து வடதுருவம் ஒலக சராசரியைவிட ஏறக்குறைய 4 மடங்கு வேகமா சூடேறுதுன்னு 2022ல பின்லாந்துக்காரங்க கணக்குப் போட்டாங்க.

இனி அது எப்படி மத்த ஊரு வானிலைக்கு வருதுங்கறது. தலைக்கு மேல 10 கிலோமீட்டர் ஒசரத்துல மேக்க இருந்து கெழக்க ஒரு காத்து ஓடுது, ஜெட் ஸ்ட்ரீம்னு சொல்வாங்க. அதை ஓட்டறதே தெக்க உள்ள சூட்டுக்கும் வடக்க உள்ள குளிருக்கும் நடுவுல உள்ள வித்தியாசந்தான். நம்ம வரத்துக்கால்லயே பாத்திருப்பீங்க, வாட்டம் சரியா இருக்கற எடத்துல தண்ணி நேரா ஓடும், கொட்டிக் கொட்டி மேடாகி வாட்டம் செத்துப்போன எடத்துல வளைஞ்சு வளைஞ்சு தேங்கி நிக்கும். வடக்கு மட்டும் வேகமா சூடேறுனா அந்த வாட்டம் கொறையுது, அதனால காத்து நெளியுது, நெளிஞ்ச எடத்துலயே நாள்கணக்கா நின்னுக்குது, அதனால வெயிலு வந்தா வெயிலாவே, மழை வந்தா மழையாவே நின்னு அடிக்குதுன்னு 2012ல ஜெனிஃபர் ஃபிரான்சிஸ், ஸ்டீபன் வாவ்ரஸ்னு ரெண்டு அமெரிக்க விஞ்ஞானிங்க எழுதுனாங்க. 2021 பிப்ரவரியில டெக்சாஸ்ல பைப்பெல்லாம் ஒறைஞ்சு வெடிச்சு கரண்டு இல்லாம சனம் செத்துச்சே, அப்பவும் இந்தப் பேச்சுதான் பெருசா அடிபட்டுச்சு.

இங்கதான் நான் யோக்கியமா ஒண்ணு சொல்லியாகணும், இல்லாட்டி நாளைக்கு நெட்டுல தேடிட்டு வந்து என்னை மடக்குவீங்க. இந்த நெளிவு விஷயத்துல விஞ்ஞானிங்களுக்குள்ளயே இன்னமும் தகராறு ஓடுது. கம்ப்யூட்டர் மாடல்ல ஐஸை மட்டும் கொறைச்சு ஓட்டிப் பாத்தா வர்ற மாத்தம் சின்னதாத்தான் இருக்கு, நிஜத்துல நடக்கறதுக்குப் பசிபிக் கடல் சூடு மாதிரி வேற காரணங்களும் கலந்திருக்குன்னு ஒரு கட்சி. வடதுருவம் சூடாகுதுங்கறதுல சண்டை இல்ல, ஐஸ் போகுதுங்கறதுல சண்டை இல்ல, மத்த ஊர்ல அது எம்புட்டுத் தூரம் கை வைக்குதுங்கறதுலதான் சண்டை.

அப்ப நம்ம நாட்டுக்கும் அதுக்கும் சம்பந்தம்? கோவாவுல தேசிய துருவ, பெருங்கடல் ஆராய்ச்சி மையம்னு மத்திய அரசோடது ஒண்ணு இருக்கு. நார்வேக்காரங்களோட ஸ்வால்பார்ட் தீவுல 2008ல இருந்து ஹிமாத்ரின்னு நம்ம ஆராய்ச்சிக் கொட்டாய் ஒண்ணு ஓடுது, 2014ல அங்க கடலுக்குள்ள தண்ணி சூடு, உப்பெல்லாம் அளக்க ஒரு கருவியை எறக்கி விட்டாங்க. டெல்லிக்காரன் பனிக்கரடி பாக்கவா காசு செலவு பண்றான்? பருவமழைக்காகத்தான். அந்தக் கோவா மையத்து ஆளுங்க 2021ல ஒரு ஆய்வு போட்டாங்க: ரஷ்யாவுக்கு வடக்க காரா கடல்னு இருக்கு, கோடையில அங்க ஐஸ் கொறைஞ்சா தெறந்து கெடக்கற கடல் சூட்டை மேல அனுப்புது, அது வடமேற்கு ஐரோப்பா தலைக்கு மேல காத்தழுத்தத்தை ஏத்தி விடுது, அங்க இருந்து அலை மாதிரி மத்திய ஆசியா வழியா நம்ம பக்கம் எறங்குது, அரபிக்கடலும் சூடா இருந்து ஈரத்தைக் குடுத்தா செப்டம்பர்ல, அதாவது பருவம் முடியற நேரத்துல, மத்திய இந்தியாவுல கொட்டித் தீக்குது. 2024ல கொரியாக்காரங்களோட சேந்து இன்னொண்ணு: கனடா, ரஷ்யப் பக்கம் ஹட்சன் விரிகுடா, ஒகோட்ஸ்க் கடல் மாதிரி எடத்துல ஐஸ் கொறைஞ்சா பருவமழை ஆரம்பிக்கறது தள்ளிப்போகுது, எப்ப வரும் எங்க வரும்னு கணிக்கறதும் செரமமாகுது.

இதெல்லாம் தென்மேற்குப் பருவமழைக் கணக்கு. நம்ம ஐப்பசி மழைக்கும் துருவத்து ஐஸுக்கும் நேரா கயிறு கட்டிக் காட்டறேன்னு எவனாவது சொன்னா அவன்கிட்ட ஜாக்கிரதையா இருங்க, நானும் அதைச் சொல்லல. ஆனா ஆவணி புரட்டாசியில சாயங்காலம் இடிச்சுக்கிட்டு பெய்யற மழையும் நம்ம வருஷக் கணக்குல பெரிய பங்குதானேங்க.

அப்பறம் ஐஸை ஒதுக்கி வச்சுட்டுப் பாத்தாலும் இன்னொரு கணக்கு இருக்கு, அதுல தகராறே இல்ல. காத்து ஒரு டிகிரி கூடுதலா சூடானா சுமார் 7 சதவீதம் அதிகமா ஈரத்தைச் சொமக்கும். பெரிய அண்டாவாச் சொமந்துக்கிட்டு வந்து கவுக்கறப்ப மொத்தமாக் கவுக்கும். 2023 டிசம்பர் 17, 18ல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் பெஞ்சுச்சு. இங்கருந்து ஒண்ணும் ரொம்பத் தூரமில்ல. அந்த மேகம் கொஞ்சம் வடக்க நகந்து நம்ம தலைக்கு மேல நின்னிருந்தா என்ன ஆயிருக்கும்னு அன்னிக்கு ராத்திரி பூரா எனக்குத் தூக்கம் இல்ல, 11 வீட்டு ஓடும் கண்ணு முன்னாடி வந்து போச்சு.

நான் மாடியில ஒரு பிளாஸ்டிக் மழைமானி வச்சு நோட்டுல எழுதிக்கிட்டு வர்றேன், சில பேருக்குத் தெரியும். அது ஆராய்ச்சியெல்லாம் இல்ல, ரெண்டு தடவை கொரங்கு தூக்கிட்டுப் போயிருச்சு. ஆனா பொரட்டிப் பாத்தா ஒண்ணு கண்ணுல படுது, மழை அம்புட்டாக் கொறையல, மழை பெஞ்ச நாளுதான் சுருங்கிருக்கு. அடைமழைன்னு சொல்வோமே, மூணு நாள் கதவைச் சாத்திக்கிட்டு வறுத்த கடலையோட உக்காந்திருக்கறது, அது எங்க போச்சு? அந்த மழைக்கு வரத்துக்காலே வேணாம், மண்ணே பையக் குடிச்சுக்கும். இப்ப ஒரு மணி நேரத்துல கொட்டிட்டுப் போயிருது, மண்ணுக்கு வாயைத் தெறக்கவே நேரமில்ல, ஓடற தண்ணியை மடக்கிப் புடிக்க வாய்க்கால் ஒண்ணுதான் வழி. நீங்க "நாலு நாள்"னு கொறையாச் சொன்னது எனக்குக் காரணமாத் தெரிஞ்சது அதனாலதான். 20 நாள் மழை 4 நாளாச் சுருங்குனா அந்த 4 நாளைக்கு வாசலைப் பெருசாத் தொறக்கணுமா, மூடணுமா? தீபாவளிக்கு முந்தின நாலு நாள்தான் யாவாரம்னு தெரிஞ்ச ஜவுளிக்கடைக்காரன் அந்த நாலு நாள் பாத்தா ஷட்டரை எறக்குவான்?

போன புரட்டாசி கதை உங்க பாதிப் பேருக்குத் தெரியாது, வெளியூர்ல இருந்தீங்க. வரத்துக்கால் மொனையில யாரோ வீடு இடிச்ச கட்டடக் கழிவைக் கொட்டிட்டாங்க, யாருன்னு நான் சொல்லப் போறதில்ல. ஒரு சாயங்காலம் ஒண்ணரை மணி நேர மழைதான். தண்ணி வழி தெரியாம தெருவுக்குத் திரும்பி, கெழக்கால பூட்டிக் கெடந்த வீட்டு ரெண்டாங்கட்டுக்குள்ள பொடக்காளி வழியா நொழைஞ்சிருச்சு. சாவி என்கிட்ட இருந்ததால நானும் எம் மகனும் ராத்திரி 2 மணி வரைக்கும் வாளியில எறைச்சோம், ஆத்தங்குடிக் கல்லு பதிச்ச தரை மேல சேறு, விடியக்காலை ஒவ்வொரு கல்லாத் தொடைச்சோம். அதே ராத்திரி ஊருணியில எம்புட்டுத் தண்ணி ஏறுச்சுங்கறீங்க? நாலு படிகூட நனையல. வீட்டுக்குள்ள தண்ணி, ஊருணிக்குள்ள வெயிலு.

நம்ம பெரியவங்க ஆறு இல்லாத சீமையில ஊரு கட்டுனவங்க. ஓட்டுத் தண்ணி முத்தத்துல எறங்கணும், மூலையில அண்டா வச்சுப் புடிக்கணும், மிஞ்சுனது தெரு வாய்க்கால்ல போகணும், அங்கருந்து ஊருணி, ஊருணி வழிஞ்சா கலுங்கு வழியா கண்மாய். நீங்க டூரிஸ்டுக்காகத்தானே செய்றீங்க? 2014ல யுனெஸ்கோவோட தற்காலிகப் பட்டியல்ல செட்டிநாட்டு ஊருங்களைச் சேத்தப்ப வீட்டழகை மட்டும் எழுதல, இந்தத் தண்ணி அமைப்பையும் சேத்துத்தான் எழுதுனாங்க. வாய்க்காலை மூடிட்டு போர் தண்ணியில ஊருணியை நெரப்புனா அது செம்புறாங்கல் படி வச்ச ஸ்விம்மிங் பூல். அதுவும் 600 அடியில இருந்து கரண்டு செலவு பண்ணி எடுத்து வெயில்ல காய வைக்கறது, பம்ப் ரிப்பேர் பாக்கறவனுக்கு வருமானந்தான், இருந்தாலும் சொல்றேன், வேணாம்.

ஊர்ல சோலார் போட்டா வடதுருவம் பொழைச்சிருமான்னு கேப்பீங்க. நம்ம ஒரு ஊரு போட்டு ஒண்ணும் ஆகாது. போடறதும் போடாததும் உங்க கரண்டு பில்லு விஷயம், காரைக்குடியிலயே மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துல பேட்டரி ஆராய்ச்சி பண்றாங்க, ஆர்வம் உள்ளவங்க தேடிப் பாத்துக்கங்க. ஐஸை நம்ம ஒறைய வைக்க முடியாது. வர்ற தண்ணிக்கு வழி விட முடியும், நான் கேக்கறது அம்புட்டுத்தான்.

பார்க்கிங்கே வேணாம்னு சொல்லல. தெக்குப் பக்கம் போட்டுக்கங்க, பேவர் பிளாக்குக்குப் பதிலா செம்மண் கிராவலு, தண்ணி உள்ள எறங்கும், செலவும் கம்மி. வரத்துக்காலை தூர் எடுத்து, ரோட்டைத் தாண்டற எடத்துல இப்ப இருக்கற அரையடிப் பைப்பைத் தூக்கிட்டு ரெண்டு பேரு குனிஞ்சு போற மாதிரி சின்னப் பாலம் கட்டணும், ஊருணிக்குள்ள விழற எடத்துக்கு முன்னாடி குப்பையும் வண்டலும் தங்க ஒரு தொட்டி. அந்தத் தொட்டியை மாசம் ஒரு தடவை நான் சுத்தம் பண்ணித் தர்றேன், கூலி வேணாம். கலுங்கு மேல செல்ஃபி பாயிண்ட் மட்டும் கட்டிராதீங்க, அது தண்ணி வெளிய போற வாசல், அதை அடைச்சா ஊருணி நெறைஞ்ச அன்னிக்குத் தண்ணி நேரா கோயில் பக்கம் திரும்பும்.

வர்ற ஞாயித்துக்கிழமை கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி ஒரு மணி நேரம் குடுங்க. காலையில ஆறரைக்கு வரத்துக்கால் மொனையில லெவல் டியூபோட நிக்கறேன், வாட்டம் எங்க செத்திருக்குன்னு கண்ணாலயே காட்டறேன், நோட்டும் கொண்டு வர்றேன். வேட்டிக் கட்டுன பனிக்கரடி அண்ணனும் கண்டிப்பா வரணும். அப்பறம் பதினோரு மணி வாக்குல, வெயில் ஏறுனதும், முடிஞ்சவங்க ரெண்டு மாடிக்கும் வாங்க. ரெண்டு சாவியும் என்கிட்டதான் இருக்கு. செருப்பைக் கீழயே கழட்டிட்டு ஏறணும்.